தொலைவும் குறியும்

கோல்ஃப் ஆட்டத்தின் வரலாற்றுக்குள் ஒரு விஷ்ணு சிலை வந்து நிற்கிறது. 1840களில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் வாழ்ந்த பேட்டர்சன் குடும்பத்துக்குக் கீழைநாட்டிலிருந்து சலவைக்கல் விஷ்ணு ஒன்று அனுப்பப்பட்டதாம். வழியில் உடையாதிருக்க அதைச் சுற்றிக் கட்டா பெர்ச்சா என்னும் மரப்பாலின் உலர்ந்த துண்டுகளை அடைத்திருந்தார்களாம். அந்த வீட்டு இளைஞரான ராபர்ட் ஆடம்ஸ் பேட்டர்சன் அத்துண்டுகளை வெந்நீரில் இளக்கி, உருட்டிப் பந்தாக்கி அடித்துப் பார்த்தாராம். பெட்டிக்குள் வந்த பெருமாளைப் பற்றிய பகுதியில் செவிவழிக் கதையின் மணம் சற்றுத் தூக்கலாகவே இருக்கிறது. ஆனால் மரப்பால் பந்து உண்மை. 1848ஐ ஒட்டி அது புழக்கத்துக்கு வந்தது. அடுத்த ஐம்பதாண்டுகள் அதன் ஆட்சிதான்.

அதற்கு முந்தைய பந்து, தோலுறைக்குள் வேகவைத்த இறகுகளைத் திணித்துத் தைத்தது. தேர்ந்த கைவினைஞர் ஒரு நாளில் மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் செய்ய முடியாது. மழையில் நனைந்தால் தையல் விட்டுப்போகும். ஆகவே அது செல்வந்தர் கைப்பொருளாக இருந்தது. மரப்பால் பந்து மலிவு. உடைந்தாலும் மறுபடி உருக்கி உருட்டிக்கொள்ளலாம். ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. புதிதாக, வழவழப்பாக இருக்கும்போது அது சற்றுத் தூரம் போய்த் தலைகுப்புற விழுந்தது. அடிபட்டுக் கீறல் விழுந்த பழம்பந்துதான் நன்றாகப் பறந்தது. இதைக் கண்டுகொண்ட ஆட்டக்காரர்கள் பந்தைச் சுத்தியலால் கொத்தி வடு உண்டாக்கிய பின்பே ஆட எடுத்தார்கள். 1905இல் வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயர் பந்தின் மேற்பரப்பில் சிறு குழிகளை அமைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். இன்றைய பந்தின் அம்மைத்தழும்பு முகம் அங்கிருந்து வந்தது.

திருத்தணியில் உட்கார்ந்து தமிழ் சொல்லிக்கொடுப்பவருக்குக் கோல்ஃபில் என்ன வேலை என்று இக்குழுமத்து நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் மலை உண்டு, 365 படிகள் உண்டு, ஆடிக் கிருத்திகைக் காவடிகள் உண்டு; கோல்ஃப் திடல் கிடையாது. அதைப் பார்க்க வேண்டுமானால் சென்னைக்குத்தான் போக வேண்டும். ஆனால் அந்த ஆட்டத்தின் முதல் அடியை முன்வைத்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. பந்தைச் சிறு கட்டையின் மேல் ஏற்றிவைத்து அடிக்கும் அந்த முதல் அடியில் பெரிது எது, தொலைவா, குறியா? (அந்தச் சிறு கட்டைக்கு 'டீ' என்று பெயர். தமிழில் இதை எழுதும்போதெல்லாம் ஆவி பறக்கும் கண்ணாடிக் குவளை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.) கட்டை வருவதற்கு முன் ஈர மணலைச் சிறு குவியலாகப் பிடித்து அதன் மேல் பந்தை வைத்தார்கள். 1899இல் மரக்கட்டைக்கு உரிமை பெற்றவர் ஜார்ஜ் கிராண்ட், பாஸ்டன் நகரத்துக் கறுப்பினப் பல் மருத்துவர்.

நம் மரபு இந்த வழக்கில் எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஐயமில்லை. மரமும் தெரியவில்லை, கிளையும் தெரியவில்லை, பறவையின் கண் மட்டுமே தெரிகிறது என்ற அருச்சுனனே நமக்கு வில்லாளி. எவ்வளவு தூரம் எய்தான் என்று யாரும் கேட்பதில்லை. குறி தவறாமை என்பது நம்மிடம் திறமையின் பெயர் மட்டுமன்று, ஒழுக்கத்தின் பெயரும்கூட. மேலைநாட்டு ஆட்டாசிரியர்களும் நெடுங்காலம் இதைத்தான் போதித்தார்கள்: முதலில் நேராக அடி, தூரம் பிறகு தானே வரும்.

தெருவாட்டம் வேறு மாதிரி யோசித்திருக்கிறது. கிட்டிப்புள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கில் பில்லங்கோடு என்பார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயரும் தெரியும். புள்ளை அடிப்பவனுக்கு வேண்டியது தொலைவு. விழுந்த இடத்தைக் கோலால் அளந்து எண்ணிக்கை போடுகிறார்கள். புள்ளைப் பொறுக்கி வந்து குழியின் மேல் கிடத்திய கோலைப் பார்த்து எறிபவனுக்கு வேண்டியது குறி. ஒருவனுக்குத் தொலைவு, எதிராளிக்குக் குறி என்று வேலையைப் பங்கிட்டுவிட்டதால் அங்கே சண்டை எளிதாகத் தீர்கிறது. (அளக்கும்போது வரும் சண்டை வேறு கணக்கு.) கோல்ஃபில் இரண்டும் ஒரே ஆளின் ஒரே வீச்சில் நிகழ வேண்டும். சிக்கல் அங்கேதான்.

அந்தச் சிக்கலின் உள்ளே முதலில் புகுந்து பார்த்தவர் எடின்பரோவின் இயற்பியல் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெயிட். 1890களில் பந்தின் பறத்தலைப் பற்றித் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். அவர் மகன் ஃபிரெடி டெயிட் அந்நாளின் பெரும் அமெச்சூர் ஆட்டக்காரர். பிரிட்டனின் அமெச்சூர் பட்டத்தை 1896இலும் 1898இலும் வென்றவர். பந்து இவ்வளவு தூரத்துக்கு மேல் போக இயலாது என்று தந்தை கணக்கிட்டுச் சொன்னார், மறுநாளே மகன் அதைத் தாண்டி அடித்துக் கணிதத்தைப் பொய்யாக்கினார் என்றொரு கதை இன்றும் உலவுகிறது. தந்தைக்கு இழைக்கப்பட்ட அநீதி அது. எறியப்பட்ட கல்லைப் போலப் பந்தைக் கருதினால் கணக்கு உதைக்கிறது என்பதைக் கண்டு, காரணத்தையும் சொன்னவர் அவரேதான். அடிபட்ட பந்து பின்னோக்கிச் சுழல்கிறது. அந்தச் சுழற்சி காற்றில் அதைத் தூக்கிப் பிடிக்கிறது. அதனால்தான் அது அவ்வளவு நேரம் வானில் நிற்கிறது.

இங்கே சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பந்தைத் தூக்கிப் பிடிக்கும் அதே சுழற்சிதான், அச்சு கொஞ்சம் சாய்ந்துவிட்டால், அதை வலப்புறமோ இடப்புறமோ வளைத்துக்கொண்டு போய்ப் புதரில் போடுகிறது. தொலைவைத் தரும் சக்தி ஒன்று, திசையைக் கெடுக்கும் சக்தி வேறொன்று என்று இல்லை. இரண்டும் ஒன்றே; சாய்வு மட்டும்தான் வேறுபாடு. டெயிட்டின் கட்டுரைகளுக்குப் பின் இந்த வழக்கை வெறும் குணநலன் வழக்காக, அடக்கத்துக்கும் ஆணவத்துக்கும் இடையிலான போட்டியாகப் பேசியிருக்கக் கூடாது. ஆனாலும் பேசினார்கள். ஃபிரெடி 1900 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கப் போரில், முப்பது வயதில், சுடப்பட்டு இறந்தார். தந்தை அடுத்த ஆண்டே காலமானார்.

அதற்குள் அமெரிக்காவில் பந்து மறுபடி மாறியிருந்தது. 1898இல் கோபர்ன் ஹாஸ்கெல் என்பவர் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், ரப்பர் ஆலை நண்பரின் துணையோடு, இழுத்து முறுக்கிய ரப்பர் நூலை உருண்டையாகச் சுற்றி மேலே மரப்பால் உறை போட்டார். மறு ஆண்டு உரிமை பெற்றார். துள்ளிக்கொண்டு ஓடிய அந்தப் பந்து பழைய பந்தைவிடத் தெளிவாகத் தூரம் போனது. அடி சரியாகப் படாவிட்டாலும் மன்னித்தது. 1902இல் சாண்டி ஹெர்ட் அதைக் கொண்டு பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றதும் மரப்பால் பந்தின் காலம் முடிந்தது. அது முடிந்ததில் மலாயாக் காடுகளுக்கு நிம்மதி என்று சொல்ல முடியாது. கட்டா பெர்ச்சா மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுப்பார்கள். அதில் பெரும்பகுதியைக் கடலடித் தந்திக் கம்பிகளின் உறை ஏற்கெனவே விழுங்கியிருந்தது. ரப்பர் நூல் தொடக்கத்தில் பிரேசிலின் காட்டுமரப் பாலில் வந்தது. 1910களில் மலாயா, இலங்கைத் தோட்டங்களின் ரப்பர் உலகச் சந்தையில் அதை முந்தியது. அந்த மலாயாத் தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறியவர்கள். எந்தப் பந்துக்குள் எவர் வெட்டிய பால் இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? கோல்ஃபின் தொலைவில் நமக்கும் ஒரு பங்கு இருந்தது, அவ்வளவே.

தொலைவுக்கும் குறிக்குமான வழக்கு நேருக்கு நேர் நடந்த நாள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், நான் 1904ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அமெச்சூர் இறுதியாட்டத்தைச் சொல்வேன். இடம் சாண்ட்விச் நகரக் கடற்கரைத் திடல். ஒருபுறம் எட்வர்ட் பிளாக்வெல், அடியின் நீளத்துக்கே பேர்பெற்ற ஸ்காட்லாந்துக்காரர். மறுபுறம் வால்டர் டிராவிஸ், ஆஸ்திரேலியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர், வயது நாற்பத்திரண்டு. முப்பதுகளின் நடுவில்தான் முதன்முதலாகக் கோல்ஃப் மட்டையைத் தொட்டார். நான்கைந்து ஆண்டுகளுக்குள் தம் நாட்டு அமெச்சூர் பட்டத்தை வென்றார். (நாற்பதுகளில் இருக்கும் நமக்கு இவ்வகைத் தகவல்களில் தனி ஆர்வம் உண்டாவது இயல்பு.) உடல்வாகு சிறியது, அடி குறுகியது. முதல் அடியில் பிளாக்வெல் மிகவும் முந்திப் போவார். பின்தங்கி நிற்கும் டிராவிஸ் அடுத்ததை நேராகப் போடுவார், பிறகு நடுவில் தண்டு பொருத்திய ஒரு விநோத மட்டையால் பந்தைக் குழிக்குள் தள்ளிவிடுவார். மூன்று குழிகள் மீதமிருக்க நான்கு குழி முன்னிலையில் அவர் வென்றார். சில ஆண்டுகளில் அவ்வகை மட்டையைச் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆட்சிக்குழு தடைசெய்தது. குறியே சிறந்தது என்பவர்கள் நூறாண்டுக்கும் மேலாக டிராவிஸைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆனால் அவரும் 1901இல் தம் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது ஹாஸ்கெலின் நீளப் பந்தால்தான் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

இந்தியாவுக்கு இந்த ஆட்டம் முன்னரே வந்துவிட்டது. கல்கத்தாவில் 1829இல் தோன்றிய சங்கம் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையது. பெங்களூர் 1876, கொடைக்கானல் 1895. தமிழ்நாட்டில் இந்த வழக்கு சுவைபட நடக்கும் இடம் ஊட்டி. கடல்மட்டத்துக்கு இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே காற்று மெலிந்திருப்பதால் பந்துக்குத் தடை குறைவு. சென்னையில் போவதைவிட நூற்றுக்கு எட்டுக் கெஜம் போல அதிகம் போகும். தொலைவு இலவசம். ஆனால் திடலின் ஓரங்களில் ஆங்கிலேயர் கொண்டுவந்து பரவவிட்ட, மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர் நிற்கிறது. உள்ளே போன பந்தைக் கையை விட்டு எடுக்கத் துணிபவர் குறைவு. காற்று கொடுத்ததைப் புதர் பிடுங்கிக்கொள்ளும்.

சுதந்திர இந்தியாவில் இந்த ஆட்டத்துக்குப் பெரும் உந்துதல் தந்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியரான பீட்டர் தாம்சன். பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து முறை வென்றவர். பந்தின் நீளத்தைவிட அது விழும் இடத்தை நம்பியவர். 1964இல் தொடங்கிய இந்தியன் ஓப்பனின் முதல் வெற்றியாளரும் அவரே. மறு ஆண்டு அதை வென்றவர் பில்லூ சேத்தி, ஒரு அமெச்சூர். காசுக்காக ஆடாத ஓர் இந்தியர் தொழில்முறையாளர்களைத் தள்ளிவிட்டு அந்தக் கோப்பையை எடுத்தார். அதற்குப் பிறகு எந்த அமெச்சூரும் எடுக்கவில்லை. டெல்லியின் லோதி திடல் தாம்சனின் நம்பிக்கைக்கு உகந்த மண். இருபுறமும் அடர்ந்த புதர்க்காடு, நடுவே ஒடுங்கிய புல்வழி. நீள மட்டையைப் பையிலிருந்து எடுக்காமலே ஆடி முடிக்கும் தொழில்முறையாளர்கள் அங்கே உண்டு. 2008இல் அங்கு நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியில் வென்றவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. ராயல் கல்கத்தா திடலின் புல் பராமரிப்பாளருடைய மகன். முதல் அடியில் பின்தங்கி, குழியருகே ஈடுகட்டுபவர். நம் கண்முன் வந்துபோன டிராவிஸ் அவர்.

இவ்வளவும் தேர்ந்தவர்களின் கதை. ஞாயிற்றுக்கிழமை அமெச்சூரின் நிலை வேறு, அதை இந்தக் கதைகளால் தீர்மானிக்க முடியாது என்று எண்களோடு வந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி. தொழில்முறையாளர்களின் ஒவ்வோர் அடியையும் கருவிகளால் அளந்து சேர்த்த தரவுகளோடு, சாதாரண ஆட்டக்காரர்களின் அடிகளையும் பல்லாயிரக்கணக்கில் திரட்டினார். 2014இல் வந்த அவருடைய நூலின் முடிவு பலருக்குக் கசந்தது. நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரானவருக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு, குழியிலிருந்து நூறு கெஜத்துக்கு அப்பால் அடிக்கும் அடிகளில் இருக்கிறது. கூடுதல் தொலைவால் பெரிதும் பயன் பெறுபவர் தொழில்முறையாளர் அல்லர், சுமாரானவரே. தூரம் அடிக்காதவர் நேராகவாவது அடிக்கிறாரா என்றால், பொதுவாக அதுவும் இல்லை. திறமை கூடக்கூட இரண்டும் சேர்ந்தே கூடுகின்றன.

ஏன் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஐந்து பாகை விலகி 200 கெஜம் போன பந்து நடுக்கோட்டிலிருந்து 17 கெஜம் தள்ளி விழும். அதே விலகலோடு 250 கெஜம் போனால் 22 கெஜம். ஐந்து கெஜம் கூடுதலாக விலகுவதற்கு ஐம்பது கெஜம் முன்னேற்றம் கிடைக்கிறது. மோசமான பேரம் அல்ல. இனி, மெதுவாக அடித்தால் நேராகப் போகும் என்ற போதனை. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம். வளைவைத் தீர்மானிப்பது, முகம் பார்க்கும் திசைக்கும் மட்டை வீசப்படும் பாதைக்கும் உள்ள வேறுபாடு. வேகத்தைக் குறைத்தால் இந்த வேறுபாடு தானே மறைந்துவிடாது. கோணல் அப்படியே இருக்க, தூரம் மட்டும் குறையும். அடக்கமாக ஆடுகிறோம் என்ற மனநிறைவு மிஞ்சும்.

இதில் ஒரு விலக்கு உண்டு, அது சிறிய விலக்கு அன்று. எல்லைக்கு வெளியே போன பந்துக்கு ஓர் அடி தண்டனை, போதாததற்கு பழைய இடத்துக்கே திரும்பி வந்து அடிக்க வேண்டும். ஆகவே அமெச்சூரைக் கெடுப்பது அவருடைய சராசரி விலகல் அல்ல, பதினெட்டுக் குழிகளில் இரண்டு மூன்று முறை நிகழும் பெருங்கோணல். லோதித் திடலிலோ ஊட்டிப் புதரோரத்திலோ நிற்பவர் மட்டையை மாற்றிக்கொள்வது கோழைத்தனம் ஆகாது. மற்ற இடங்களில் அவர் தயங்காமல் வீசலாம் என்பதே என் கட்சி. அமெச்சூர் என்ற சொல்லின் வேர் இலத்தீனில் நேசிப்பது என்ற பொருளுடையது. நேசத்துக்காக ஆடுபவர் எதற்காகப் பயந்து ஆட வேண்டும்?

மட்டைகளும் அவருக்கு உதவியே வந்திருக்கின்றன. 1979இல் உலோகத் தலை கொண்ட நீள மட்டை சந்தைக்கு வந்தது. 1990களில் டைட்டானியம் அதைப் பெரிதாக்கியது. தலை பெரிதானபோது ஓரத்தில் பட்ட அடியும் அதிகம் கோணவில்லை. ஆக, தொலைவும் குறியும் சேர்ந்து விலைக்குக் கிடைத்தன. ஆனால் அமெச்சூர் அதனால் எவ்வளவு முன்னேறினார்? பிரிட்டனில் ஆண் அமெச்சூர்களின் முதல் அடி 1996இல் சராசரியாக 200 கெஜம்; கால் நூற்றாண்டு கழித்தும் 215ஐ ஒட்டியே நின்றது. அமெரிக்கத் தொழில்முறையாளர்களோ 1980இல் 257 கெஜம் அடித்தவர்கள், 2023இல் ஏறக்குறைய 300ஐத் தொட்டுவிட்டார்கள்.

இந்த வளர்ச்சியின் பாரம் நிலத்தின் மேல் விழுகிறது. பந்து நீளமாகப் போனால் திடலும் நீள வேண்டும்; நீண்டால் புல் கூடும், நீர் கூடும். பதினெட்டுக் குழித் திடல் ஒன்று நூறு ஏக்கருக்குக் குறைவாக அமைவது அரிது. கோடையில் குடங்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த திருவள்ளூர் மாவட்டத்துக்காரருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. சென்னையில் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலின் உள்வட்டத்தில்தான் நெடுங்காலம் கோல்ஃப் ஆடினார்கள். 160 ஏக்கர் கொண்ட அந்தப் பந்தயத் திடல் நிலத்தை 2024 செப்டம்பரில் மாநில அரசு மீட்டு எடுத்தது; பூங்காவும் நீர்நிலைகளும் அங்கே அமையும் என்ற அறிவிப்புகளும் வழக்குகளும் பின்தொடர்ந்தன. குத்தகைக்கும் வாடகைக்கும் உரியது அந்த விவகாரம், பந்தின் நீளத்துக்கு உரியதன்று. ஆனாலும் நகரத்தின் நடுவே ஒரு பந்து பறக்க எவ்வளவு இடம் விடலாம் என்ற கேள்வி இனி எழாமல் இருக்காது.

ஆட்டத்தின் ஆட்சிக்குழுக்களுக்கும் அந்தக் கவலை வந்துவிட்டது. அமெரிக்கச் சங்கமும் செயின்ட் ஆண்ட்ரூஸ் குழுவும் 2023 டிசம்பரில் பந்துக்கான சோதனை விதியைக் கடுமையாக்கும் முடிவை அறிவித்தன. பந்தைப் பின்னுக்கு இழுக்கிறார்கள். மிக நீளமாக அடிப்பவர்கள் 13 முதல் 15 கெஜம் வரை இழப்பார்கள் என்றும், பொழுதுபோக்குக்கு ஆடுபவருக்கு 5 கெஜத்துக்கு மேல் போகாது என்றும் மதிப்பிட்டார்கள். பின்னவருக்கு 2030 முதல் என்று அப்போது நாள் குறித்தார்கள். அறிவிப்பு வந்ததும் உலகெங்கும் அமெச்சூர்களே அதிகம் கொதித்தார்கள். ஐந்து கெஜம் என்பது பதினைந்து அடி. ஒரு வகுப்பறையின் அகலம்கூட இராது. ஊட்டிக்குப் போய் ஆடினால் அதைப் போல மூன்று மடங்கைக் காற்றே திருப்பிக் கொடுத்துவிடும்.